பின்வாசல் பொத்தான்

ஜூலை 14, திங்கள்

பயிற்சி மையத்து சார் சொன்னது: தினமும் ஒரு பக்கம் எழுதுங்கள், எதையாவது எழுதுங்கள், மெயின் தேர்வில் கை ஓடும். எதையாவது என்றால் எனக்கு இருப்பது கடைதான். ஆகவே கடை.

பெயர் இசக்கியம்மாள். பி.ஏ. அரசியல் அறிவியல். குரூப் டூ முதல்நிலையில் தேறியவள். வேலை, திருநெல்வேலியில் ஒரு பெரிய நகைக்கடையின் பின்வாசலில் பெண் ஊழியர்களைச் சோதனை போடுவது. அம்மா அக்கம்பக்கத்தில் 'செக்யூரிட்டி ஆபீசர்' என்று சொல்லிவைத்திருக்கிறாள். நான் திருத்துவதில்லை.

வேலை முறை இது. சாப்பாட்டுக்கோ வீட்டுக்கோ வெளியே போகிற யாராக இருந்தாலும் பின்வாசல் சுவரில் இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். மேலே இரண்டு பல்பு. பச்சை எரிந்தால் நடையைக் கட்டலாம். சிவப்பு எரிந்தால் ஆண்கள் காவலாளி வேலாயுதத்திடம் போக வேண்டும், பெண்கள் திரைக்குப் பின்னால் என்னிடம் வரவேண்டும். யாருக்கு எது எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. புதிதாகச் சேருகிறவர்களிடம் மேனேஜர் சங்கரலிங்கம் அண்ணாச்சி பெருமையாகச் சொல்வார்: "மெஷினுக்கு ஆள் தெரியாது. முதலாளியே வந்து அமுக்கினாலும் அதுக்கு ஒண்ணுதான்."

இன்று படித்ததும் அதேதான். பிரிவு 14, சட்டத்தின் முன் அனைவரும் சமம்.

நாள் முழுக்கப் பொத்தானுக்கு எதிரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே இருப்பதால் வலது கால் மரத்துப்போகிறது. தைலம் தேய்க்க வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

காலைக் கூட்டம். சாமி பாட்டு, அன்றைய பவுன் விலை, அதன்பின் திட்டு. இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. இன்று மாறியது. திட்டு முடிந்ததும் இரண்டாம் மாடியில் மூக்குத்தி விற்கிற ஜெபராணி கையைத் தூக்கினாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டாள்.

உட்கார்ந்தால் தூக்கம் வரும், தூக்கம் வந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்றார் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு நாற்காலி இருக்கிறது. ஜெபராணி சிரிக்கவில்லை. "அதுக்குச் சட்டம் வந்திருக்குன்னு சொல்லுதாவளே அண்ணாச்சி" என்றாள்.

சட்டம் வந்தது உண்மைதான். ஸ்டூல்களும் வந்தன. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஜெனரேட்டர் அறையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தொழிலாளர் ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் அவை லிப்டில் ஏறி மேலே வரும். அவர் போனதும் லிப்டில் ஏறிக் கீழே போகும். அந்த லிப்டில் விற்பனைப் பெண்களுக்கு அனுமதி இல்லை. ஸ்டூலாகப் பிறந்திருந்தால் ஏறலாம்.

கூட்டம் கலைந்ததும் அண்ணாச்சி என் மேசைக்கு வந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனார். மாலையில் ஜெபராணிக்குச் சிவப்பு எரிந்தது.

ஜூலை 18, வெள்ளி

ஜெபராணிக்கு மதியமும் சிவப்பு, மாலையிலும் சிவப்பு. எனக்கு மட்டும் எப்படி அக்கா என்று கேட்டாள். மெஷினிடம் கேள் என்றேன்.

அம்மாவுக்குக் கண் சொட்டுமருந்து வாங்கினேன். புரை முற்றிவிட்டதாம், ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டர்.

ஜூலை 22, செவ்வாய்

என் கைக்குத் தெரிந்த விஷயங்களை எழுதினால் இந்தக் கடையில் பாதிப்பேர் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். யார் காலையில் சாப்பிடாமல் வந்தாள், யாருக்கு வீட்டில் அடி விழுகிறது, யார் ரவிக்கை ஊக்குக்குப் பதில் நூலைக் கட்டியிருக்கிறாள், எல்லாம் தோளிலிருந்து இடுப்புக்கு வருவதற்குள் தெரிந்துவிடும். நான் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. கை தானாகத் தெரிந்துகொள்கிறது.

இன்று ஜெபராணியின் இடுப்பில் என் கை நின்றுவிட்டது. கொசுவத்தை மேலே ஏற்றிக் கட்டியிருந்தாள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். திரைக்கு அந்தப்பக்கம் பொத்தான் அமுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சிட்ட சொல்லிராதிய அக்கா" என்றாள். முதல் பிள்ளை தங்கவில்லையாம். அதிக நேரம் நிற்கக் கூடாது என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், ஓடினால்தான் சோறு. இவள் சம்பளம்தான் நிலையானது.

இந்தக் கடையில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. வயிறு தெரிந்தால் "ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்புவார்கள். பேறுகால விடுப்பு, சம்பளம் என்றெல்லாம் சட்டம் சொல்லும். கடை ரெஸ்ட் மட்டும்தான் கொடுக்கும். அடுத்த வாரம் அதே இடத்தில் வேறொருத்தி அதே சீருடையில் நிற்பாள்.

ஏதாவது உண்டா என்று அண்ணாச்சி கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

ஜூலை 25, வெள்ளி

படிக்கவில்லை. கால் வலி.

ஜூலை 28, திங்கள்

மெஸ்ஸில் சாப்பிடும்போது ஜெபராணி தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் படிக்கிறீர்களே அக்கா, ஒரு பொம்பளையைத் தினமும் இப்படித் தடவிப் பார்க்கிறதற்குத் தடை எதுவும் கிடையாதா என்று கேட்டாள். தடவுகிறவளிடமே கேட்கிறாள். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் கேட்டது பாடத்தில் உள்ள கேள்வி.

பையிலிருந்த தேர்வுக் கைடை எடுத்து பிரிவு 21-ஐ வாசித்துக் காட்டினேன். உயிரும் தனிமனித சுதந்திரமும். அதற்குள் மானமும் அந்தரங்கமும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் விளக்கினேன். பக்கத்து மேசைகளில் சாப்பாடு நின்றுவிட்டது. என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. இவ்வளவு பேர் என் வாயைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

மணி அடித்துவிட்டதால் அதோடு கைடை மூடிவிட்டேன்.

ஜூலை 30, புதன்

மதியம் ஜெபராணிக்குச் சிவப்பு. அவள் திரைக்குள் வரவில்லை. பொத்தான் பக்கத்திலேயே நின்று, அரசியலமைப்புச் சட்டம் இருபத்தொன்றாம் பிரிவுப்படி என்னைத் தினமும் இப்படிச் சோதனை போடக் கூடாது என்றாள். பின்னால் வரிசையில் இருபது பேராவது இருந்தார்கள்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போனை எடுத்துக் கடையின் வக்கீலைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார். வக்கீல் சிரித்துக்கொண்டே பேசினார்.

"உங்க கடை என்ன கவர்மெண்டா? அடிப்படை உரிமைங்கிறது கவர்மெண்டு கையிலருந்து ஜனங்களைக் காப்பாத்துறதுக்கு. தனியார் கடைக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. சேரும்போது விதிமுறையில கையெழுத்துப் போட்டிருக்காங்கல்ல? பிடிக்கலைன்னா வேற வேலை பாக்கச் சொல்லுங்க."

போனை வைத்ததும் அண்ணாச்சி, இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று ஜெபராணியைக் கேட்டார். அவள் பல்பைப் பார்த்தாள், வேலாயுதத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "டிவில பாத்தேன்" என்றாள்.

பிறகு திரைக்குள் வந்து இரண்டு கையையும் தூக்கினாள். நான் சோதித்தேன். இடுப்புக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டேன். வெளியே போகும்முன் மெதுவாகக் கேட்டாள்: "தெரிஞ்சேதான் பாதி சொன்னியளாக்கா, தெரியாமலா?"

ஜூலை 31, வியாழன்

தெரியும். பிரிவு 12, 'அரசு' என்றால் யார் யார் என்று சொல்வது. கைடில் நான் வாசித்த பகுதிக்கு ரொம்ப முன்னாலேயே இருக்கிறது. மணி அடிக்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்றால், தெரியாது. இத்தனைக்கும் நான் வாசித்துத்தான் காட்டினேன், அண்ணாச்சியிடம் போய் ஒப்பிக்கச் சொல்லவில்லை. அவசரக்காரி.

காலையிலேயே எழுந்து, தனியாரையும் கட்டுப்படுத்தும் பிரிவுகள் எவை என்று தேடினேன். தீண்டாமை கூடாது. கட்டாய உழைப்பு கூடாது. குழந்தைகளை ஆபத்தான வேலையில் வைக்கக் கூடாது. பிறகு 15-இன் இரண்டாம் உட்பிரிவு. சாதி, மதம், பால் பார்த்துக் கடைக்குள் வருகிற யாரையும் தடுக்கக் கூடாது. 'கடை' என்ற சொல்லே அதில் இருக்கிறது. அதை எத்தனை முறை மனப்பாடம் செய்திருப்பேன், இன்றுதான் படித்தேன். மூக்குத்தி வாங்க வருகிறவளைத் தேடி அரசியலமைப்பு முன்வாசல் வழியாகக் கடைக்குள் வருகிறது. மூக்குத்தியை எடுத்துக் காட்டுகிறவளைத் தேடிப் பின்வாசலுக்கு வருவதில்லை. நடுவில் ஒரு கண்ணாடி மேசைதான் இருக்கிறது.

எரிச்சலாக இருந்தது. அம்மா இட்லி கேட்டதற்கு வள்ளென்று விழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

அண்ணாச்சி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டாம் மாடி இருப்பில் ஒரு வைர மூக்குத்தி குறைகிறதாம்.

"இனிமே அவளுக்கு எல்லாத் தடவையும் போடு. மேலாகப் பாக்காத. சேலையை அவுக்கச் சொல்லிப் பாரு. மூக்குத்தி கெடைச்சாலும் சரிதான், வேற விசேஷம் எதும் தெரிஞ்சாலும் சரிதான்" என்றார். சொல்லிவிட்டு என் கையையே பார்த்தார். பிறகு குரலை மாற்றி, அம்மாவுக்கு ஆபரேஷன் எப்போது என்று விசாரித்தார். என் அப்பாவும் அவரும் ஒரே ஊர். அப்பா இறந்த பிறகு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். ஆபரேஷனுக்குக் கடை உதவி செய்யும் என்று வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டையும் அவர் ஞாபகப்படுத்தவில்லை. விசாரித்தார், அவ்வளவுதான்.

'போடு' என்றால் என்ன என்று இவ்வளவு நாள் எழுதாமல் ஓட்டிவிட்டேன். இனி எழுதாமல் இருந்தால் இந்த நோட்டுக்கே அர்த்தமில்லை. என் மேசைக்கு அடியில், மிதியடிக்குக் கீழே ஒரு சுவிட்ச் இருக்கிறது. நான் மிதித்தால் சிவப்பு. மிதிக்காவிட்டால், யார் பொத்தானை அமுக்கினாலும் பச்சை. மெஷின் என்று ஒன்று கிடையாது. யாருக்குப் போட வேண்டும் என்று காலையில் அண்ணாச்சி சொல்வார். சந்தேகம் வராமல் இருக்க நடுநடுவே நாலைந்து பேருக்கு என் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வலது கால் வலிப்பது உட்கார்ந்தே இருப்பதால் அல்ல.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சிவப்பு போட்டேன். திரைக்குள் வந்ததும் சேலையை அவிழ்க்கச் சொல்லி உத்தரவு என்றேன். ஜெபராணி முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு சுவரோரம் ஒண்டினாள். "நீங்களே அவுத்துப் பாத்துக்கிடுங்க, நான் அவுக்க மாட்டேன்" என்றாள்.

அவளைத் தொடவில்லை. சோதனை எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் இரண்டு பேரும் சும்மா நின்றோம். வெளியே வந்து, முழுதும் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றேன். அண்ணாச்சி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார். சுதந்திர தின விற்பனை முடிந்த மறுநாள், பதினாறாம் தேதி, தலைமைக் கடையிலிருந்து ஒரு அம்மாள் வருவார். எல்லாப் பெண்களையும் அவர் ஒரு தடவை பார்ப்பார். மறுக்கிறவர்கள் மேல் திருட்டுப் புகார்.

ஜெபராணிக்கும் கேட்கத்தான் சொன்னார். மாட்டினால் ரெஸ்ட், மறுத்தால் போலீஸ். வயிற்றுப் பிள்ளையோடு ஸ்டேஷனில் நிற்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூக்குத்தி கிடைத்துவிட்டது. தட்டின் வெல்வெட் மடிப்புக்குள் இருந்ததாம், காணாமல் போன அன்றைக்கே எடுத்துவிட்டார்களாம். வேலாயுதம் டீ குடிக்கும்போது சொன்னார். அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன்.

"எந்த மூக்குத்தி?" என்றார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜெபராணியோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். அரசியலமைப்பை விட்டுவிடு, அது இந்த வாசலுக்கு வராது என்றேன். அதற்குக் கீழே சாதாரணச் சட்டங்கள் இருக்கின்றன, அவை தனியார் கடைக்கும் உண்டு. உட்கார இடம் தர வேண்டும் என்று ஒன்று. பிள்ளை உண்டான காரணத்துக்காக வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று ஒன்று. தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்றேன். இந்தத் தடவை முழுதும் சொன்னேன், நடுவில் எந்த மணியும் அடிக்கவில்லை.

மனு கொடுத்தால் சாட்சி கேட்பார்களே என்றாள். அந்தச் சிவப்பு எனக்கு மட்டும் எரிகிறது என்று யார் சொல்வார்கள், எல்லாரும் மெஷின் என்றுதான் சொல்வார்கள் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க வந்து சொல்லுவியளா அக்கா?" என்று கேட்டாள்.

பேட்டை பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெஞ்சுப் பலகையில் உட்கார்ந்து சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "ஏன்ட்டி காலை ஆட்டிக்கிட்டே இருக்க? கண்ணு தெரியாட்டியும் பலகை ஆடுதது தெரியுதுல்லா."

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் கடை வாசலில் கொடியேற்றினார்கள். எல்லாருக்கும் லட்டு. வாசலில் பலூன், செய்கூலியில் தள்ளுபடி, முன்வாசலில் கூட்டம் நெரிந்தது. ஜெபராணி ஒரு கையால் மேசையைப் பிடித்தபடி நின்றாள் என்று மேல்மாடிப் பெண் ஒருத்தி வந்து சொன்னாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்ன முதலாளி கதர்ச் சட்டையும் சட்டைப் பையில் கொடியுமாகப் பின்வாசலுக்கு வந்தார். கூடவே விளம்பரப் பிரிவுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். இன்ஸ்டாகிராமில் நேரலையாம். எங்கள் கடையில் முதலாளி தொழிலாளி வித்தியாசமே கிடையாது என்று ஊருக்குக் காட்ட வேண்டுமாம். சாப்பாட்டுக்கு நின்ற வரிசையை அப்படியே நிற்கச் சொன்னார்கள். ஜெபராணி நான்காவதாக நின்றாள். நெற்றி வேர்த்திருந்தது.

அண்ணாச்சி மேசைக்குக் குனிந்து, ஒன்றும் செய்யாதே, பேசாமல் இரு என்று காதோடு சொன்னார். ஒன்றும் செய்யாவிட்டால் பச்சை. அதுதான் ஏற்பாடு.

சின்ன முதலாளி போனைப் பார்த்துப் பேசினார். சுதந்திரம், சமத்துவம், தாத்தா சைக்கிளில் நகை விற்றது. "இந்த மெஷினுக்கு முன்னாடி நானும் ஒரு ஊழியன்தான்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினார்.

நான் மிதித்தேன்.

சிவப்பு.

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. மறுபடி அமுக்கினார். சிவப்பு. வேலாயுதம் பழக்கத்தில் எழுந்து, வாங்க சார் என்று கையைக் காட்டிவிட்டு, தான் செய்தது புரிந்து உட்கார்ந்துவிட்டார். விளம்பரக்காரருக்குப் போனை இறக்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"மெஷின் ரிப்பேர் போல" என்றார் சின்ன முதலாளி. "அண்ணாச்சி, ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க."

வரிசையிலிருந்து ஜெபராணியின் குரல் வந்தது. சத்தமே போடவில்லை.

"அப்போ நேத்து எனக்கு எரிஞ்சது?"

பின்னாலிருந்து இன்னொருத்தி, எனக்குப் போன வாரம் எரிந்தது என்றாள். இன்னொருத்தி, அன்றைக்குக் காய்ச்சலோடு நின்றேனே, எனக்கு என்றாள். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் என் அப்பா இருந்தார், அம்மாவின் கண் இருந்தது, வாடகை இருந்தது. எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. இதைவிடப் பயந்ததாக ஞாபகம் இல்லை.

எழுந்தேன். மேசையை இழுத்தேன். மிதியடியைக் காலால் தள்ளினேன்.

"மெஷின்ல ரிப்பேர் இல்ல. மெஷினே இல்ல. என் காலுதான்" என்றேன்.

எல்லாரும் பார்க்க மிதித்துக் காட்டினேன். சிவப்பு. காலை எடுத்தேன். அணைந்தது. ஜெபராணி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நன்றி இல்லை. இவ்வளவு நாளும் நீதானா என்ற கேள்வி இருந்தது. தலையைக் குனியாமல் நின்றேன். அதை நான் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அதன்பிறகுதான் போன் இறங்கியது.

நாளையிலிருந்து வராதே என்றார் அண்ணாச்சி. பையை எடுத்துக்கொண்டேன். அதற்குள் பெண்கள் யாரும் பொத்தானைத் தொடாமலே வெளியே போய்க்கொண்டிருந்தார்கள், வேலாயுதம் தடுக்கவில்லை. நான் மட்டும் பழக்கதோஷத்தில் அமுக்கினேன்.

மேசைக்கு அடியில் யாருடைய காலும் இல்லை. பச்சை எரிந்தது.

ஆகஸ்ட் 16, சனி

தலைமைக் கடை அம்மாள் வரவில்லையாம். நேரலையை அழித்துவிட்டார்கள், ஆனால் அதற்குள் ஊரில் பாதிப்பேர் இறக்கி வைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்காள் அதை அம்மாவின் காதருகே பிடித்துக் கேட்கவைத்தாள். அம்மா இரண்டு தடவை கேட்டாள். ஆபீசர் வேலை போயிற்றா என்று மட்டும் கேட்டாள்.

கண்ணுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்ய வேண்டும். கடை இனி உதவாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

தொழிலாளர் அலுவலகம். மின்விசிறி சத்தம், பழைய கோப்பு வாசம். ஜெபராணி எனக்கு முன்பே வந்து வராந்தாவில் நின்றாள். நான் வருவேன் என்று நினைக்கவில்லை என்றாள். அவள் என்னை மன்னிப்பாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை மாட்டாள். அது அவள் உரிமை, அதற்குப் பிரிவு எண் தேவையில்லை.

உள்ளே போனதும் அதிகாரி தலையைத் தூக்காமலே, உட்காருங்கள் என்றார். ஜெபராணி ஒரு நிமிடம் நாற்காலியையே பார்த்தாள். பிறகு முதுகைச் சாய்த்து, வயிற்றின் மேல் கையை வைத்து, நன்றாக உட்கார்ந்தாள்.

அவள் மனுவைப் படித்தார். இந்த நிலையில் வேலையை விட்டு அனுப்பினால் கடைதான் பதில் சொல்ல வேண்டிவரும், நாளைக்கே போய்ப் பார்க்கிறேன் என்றார். கடைக்குத் தகவல் சொல்லாமல் போங்கள் சார், ஸ்டூல்கள் ஜெனரேட்டர் அறையில் இருக்கின்றன என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நீங்கள் யார் என்று கேட்டார்.

"சாட்சி" என்றேன்.

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். யார் சொல்லி, யாருக்கு, எத்தனை நாள் மிதித்தேன் என்று எழுதச் சொன்னார். என் பெயரில் தொடங்கினேன். பக்கம் நிறைந்தது, இன்னொரு தாள் கேட்டு வாங்கினேன்.

பயிற்சி மையத்து சார் சொன்னது சரிதான். கை ஓடியது.